கப்பலுக்குள்ள சொந்த ஒயின் பாட்டில்: எந்தப் பையில, எத்தனை, எங்க வாங்குறது?

தேவிபட்டினம்_கடலோரம் எழுதியது:

மதுரையிலிருந்து சிங்கப்பூர் விமானம். மறுநாள் அங்கேருந்து ராயல் கரீபியன் கப்பல், 4 இரவு. புக்கெட், பினாங்கு தொட்டுட்டு திரும்ப சிங்கப்பூர். ரெண்டு தம்பதி, கூட ஒரு அத்தை, மொத்தம் அஞ்சு பேர். எல்லாரும் முப்பது தாண்டினவங்க. அத்தை தொடவே மாட்டாங்க.

சொந்தமா ஒயின் கொண்டுபோகலாம்னு டிக்கெட் போட்டுக் குடுத்தவர் சொல்றார். எத்தனை பாட்டில்? பெரிய பெட்டியில போட்டு அனுப்பிடலாமா? ராமநாதபுரத்துலயே வாங்கிட்டுப் போறதா, அங்க போய் வாங்குறதா? அத்தைக்கு சாயல்குடிப் பக்கத்துப் பதநீர் ரெண்டு லிட்டர் கொண்டுபோகணும்னு ஒரே ஆசை. அதுக்கும் வழி சொல்லுங்க.

தொண்டி_டெக் எழுதியது:

அளவு இதுதான் தம்பி. குடிக்கிற வயசு வந்த ஆள் ஒருத்தருக்கு 750 மில்லி பாட்டில் ஒண்ணு, ஒயினோ ஷாம்பெயினோ. ஏறுற அன்னைக்கு மட்டும். கடைச் சீல் உடையாம இருக்கணும். கையில தூக்கிட்டுப் போற பையில இருக்கணும். இதுல எது ஒண்ணு தப்பினாலும் பாட்டில் போச்சு.

அமெரிக்காவுல கிளம்புற கப்பல்னா வயசு 21. ஆசியாவுல கிளம்புறதுக்கு 18. உங்களுக்குப் பிரச்சினை இல்ல.

750ன்னா 750தான். 1.5 லிட்டர் மேக்னம் ஒண்ணைக் கொண்டுபோய் "ரெண்டு பேரு கணக்குங்க"ன்னு பேச முடியாது. அட்டைப் பெட்டிக்குள்ள பை வச்சு குழாய் போட்டு வர்ற ஒயின் ஆகாது. பீர், விஸ்கி, பிராந்தி, ரம் ஒரு சொட்டு கூட இல்ல.

அத்தை குடிப்பாங்களான்னு யாரும் கேக்கப் போறதில்ல. கணக்கு வயசுக்குத்தான். அதனால அஞ்சு பாட்டில் வரைக்கும் போகும். ஆனா ஒருத்தர் பையில அஞ்சையும் அடைச்சு வச்சா ஸ்கேன் மெஷின்ல நிறுத்தி ஒவ்வொருத்தர் கார்டையும் கேப்பாங்க. ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சு எடுத்துக்கிருங்க.

மண்டபம்_கேம்ப் எழுதியது:

// பெரிய பெட்டியில போட்டு அனுப்பிடலாமா? //

கூடாது. இதுலதான் முக்கால்வாசிப் பேர் மாட்டுறது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

டெர்மினல் வாசல்லயே பெரிய பெட்டியில கேபின் எண் போட்ட சீட்டைக் கட்டி வாங்கிருவாங்க. அது தனி வழியில போகும், நீங்க தனி வழியில போவீங்க. பெட்டி எக்ஸ்ரே மெஷினுக்குள்ள போறப்ப திரவம், துணி, சாப்பாடு எல்லாம் ஆரஞ்சு நிறத்துல தெரியும். இரும்பு நீலம். கண்ணாடி பச்சை சாயல்ல. பாட்டிலோட உருவம் கழுத்தோட அப்படியே நிக்கும். துணி சுத்தினாலும் தெரியும், சட்டி பானைக்குள்ள வச்சாலும் தெரியும். மெஷினை ஏமாத்துறதுக்காக எதுலயாவது சுத்துறவங்களைத்தான் முதல்ல பிடிக்கிறது, ஏன்னா அந்தச் சுத்தலே மெஷின்ல விசித்திரமாத் தெரியும்.

பாட்டில் தெரிஞ்சுட்டா பெட்டி கேபினுக்கு வராது. கீழ்த்தளத்துல ஒரு அறையில நிக்கும். உங்களுக்கு ஆள் வரும், இல்லாட்டி கேபின் போன்ல செய்தி வரும், போய் வரிசையில நின்னு ஆள் முன்னாடி பெட்டியைத் திறக்கணும். அனுமதிக்கிற ஒயினா இருந்தாலும் வாதம் பண்ணித்தான் வாங்கணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாத்துற துணியும் அதே பெட்டிக்குள்ள கிடக்கும், அதையும் நினைச்சுக்கிருங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. அந்தப் பெட்டிகளைக் கூண்டு வண்டியில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறாங்க. அடியில மாட்டுற பெட்டிக்குள்ள சிவப்பு ஒயின் உடைஞ்சா 750 மில்லியும் உங்க துணிக்குத்தான். பக்கத்துப் பெட்டிக்காரனுக்கும் பங்கு போகும்.

அதே அறைக்குத்தான் இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், மெழுகுவர்த்தி எல்லாம் போய்ச் சேரும். நம்மாளுங்க பாதிப் பேர் கெட்டில் கொண்டுபோறாங்க, அதையும் வீட்டுலயே வச்சுட்டுப் போங்க.

முண்டு_மிளகாய் எழுதியது:

நம்ம ஊர்லயே வாங்கிட்டுப் போயிரலாம்ங்கிறது என் கட்சி. சிங்கப்பூர்ல சரக்கு விலை தீ. இங்க ஒரு நாசிக் ஒயினோ பெங்களூர்ப் பக்கத்து ஒயினோ வாங்கி நல்லாக் கட்டி விமானத்துப் பெட்டியில போட்டா முடிஞ்சது. கட்டுற விதம் தெரியணும், அம்புட்டுத்தான்.

பாட்டில் ஒண்ணு கண்ணாடியோட சேர்த்து 1.2லேருந்து 1.3 கிலோ வரும். ஷாம்பெயின் வகைன்னா கண்ணாடி தடிமன், 1.6 கிலோ. முதல்ல பாட்டிலை ஒரு பாலித்தீன் கவர்ல போட்டு காத்தை அமுக்கி வெளியேத்தி முடிச்சுப் போடுங்க. அதை இன்னொரு கவர்ல தலைகீழாப் போட்டு மறுபடி முடிச்சு. உடைஞ்சாலும் ஒழுகல் உள்ளயே நிக்கும். அப்புறம் ஒரு நாலு முழ வேட்டி. பாதியா மடிச்சு, ஓரத்துல பாட்டிலைப் படுக்க வச்சு, அடிப்பக்கம் ஒரு சாண் துணி மிச்சம் விட்டு இறுக்கி உருட்டுங்க. மிச்சத் துணியை அடியில மடக்கித் திணிச்சிருங்க. கழுத்துப் பகுதி மெலிசா இருக்கும்ல, அங்கதான் முறியும். அதுல ஒரு ஜோடி சாக்ஸ் மாட்டி உடம்பளவுக்குத் தடிமன் ஆக்குங்க. பெட்டியோட நடுவுல, நாலு பக்கமும் துணி ரெண்டு விரக்கடை இருக்கிற மாதிரி வைங்க. செருப்பு, சார்ஜர் கட்டை பக்கத்துல வேணாம். ரெண்டு பாட்டில் இருந்தா நடுவுல ஒரு துண்டு. பெட்டியை மூடி குலுக்கிப் பாருங்க. 'டங்'குன்னு சத்தம் கேட்டா திரும்பத் திறந்து கட்டணும்.

திருகு மூடி பாட்டில்தான் இதுக்கு வசதி. கார்க் போட்டதுன்னா சூட்டுக்கு மேலே தள்ளும்.

தொண்டி_டெக் எழுதியது:

கட்டுறது சரி மாப்ள. ஆனா சூட்டை ஒரு வரியில தள்ளிட்டுப் போயிட்டியே. ராமநாதபுரத்துலேருந்து மதுரை விமான நிலையத்துக்கு ரெண்டு மணி நேர ரோடு. சித்திரை, வைகாசியில டிக்கியில வச்சா அந்த ரெண்டு மணி நேரமும் அடுப்புக்குள்ள வச்ச மாதிரி. நடுவுல மானாமதுரையில நிறுத்தி டீ குடிச்சா இன்னும் மோசம். ஒயின் சூடாகி விரிஞ்சா கார்க்கை அரை விரல் வெளிய தள்ளும், அந்த இடுக்குல காத்து உள்ள போகும், பழவாசனை போய் வேகவச்ச திராட்சை மாதிரி ருசி வரும். கொண்டுபோறதா இருந்தா ஏசி ஓடுற சீட்டுப் பக்கம், காலடியில. வெள்ளை ஒயினும் நுரைக்கிற ஒயினும் இந்த ரோட்டுக்கு ஆகவே ஆகாது. நுரைக்கிற பாட்டிலுக்குள்ள ஏற்கெனவே 5, 6 மடங்கு காத்தழுத்தம் இருக்கு.

கீழக்கரை_காக்கா எழுதியது:

குடிக்கிற கூட்டத்துக்கு நடுவுல நான் எதுக்குன்னு கேக்காதீங்க, சுங்கக் கணக்குக்கு வந்திருக்கேன்.

முண்டு மிளகாய் சொல்றதுல பாதி உண்மை. சிங்கப்பூர்ல ஒயின் விலை ஏறுறதுக்குக் காரணம் வரி. அதுல இருக்கிற சுத்தச் சாராயத்துக்கு லிட்டருக்கு 88 சிங்கப்பூர் டாலர். 13 சதவீத ஒயின் 750 மில்லின்னா உள்ள இருக்கிற சாராயம் 0.0975 லிட்டர். 88ஆல பெருக்குங்க: 8 டாலர் 58 காசு. இதுக்கு மேல எல்லாத்துக்கும் சேர்த்து 9 சதவீத ஜிஎஸ்டி. ஊருக்குள்ள கடையில வாங்குனா இது விலைக்குள்ளயே இருக்கும்.

ஆனா சாங்கி விமான நிலையத்துல இறங்கினதும், பெட்டி எடுக்கிற இடத்துக்கிட்டயே, சுங்கத்தைத் தாண்டுறதுக்கு முன்னாடி வரியில்லாக் கடை இருக்கு. அங்க வாங்குனா இந்த வரி கிடையாது. மதுரையிலேருந்து சூட்டுல தூக்கிட்டுப் போற வேலையும் இல்ல. சலுகை அளவு ஆளுக்கு 2 லிட்டர்: 2 லிட்டரும் ஒயினாவே இருக்கலாம், இல்லாட்டி 1 லிட்டர் ஒயினும் 1 லிட்டர் பீரும், இல்லாட்டி 1 லிட்டர் சாராய வகையும் 1 லிட்டர் ஒயினும். வயசு 18 ஆகியிருக்கணும். சிங்கப்பூருக்கு வெளிய 48 மணி நேரமாவது இருந்திருக்கணும். மலேசியாவுலேருந்து வரக்கூடாது. மதுரையிலேருந்து வர்ற உங்களுக்கு எல்லாமே பொருந்தும். ஆளுக்கு ஒரு 750 மில்லி எடுத்தா சலுகையில பாதி கூட ஆகல.

வீட்டுலேருந்தும் கொண்டுபோய், அங்கேயும் வாங்குனா ரெண்டும் சேர்த்து அந்த 2 லிட்டருக்குள்ள. அதை மறக்காதீங்க.

முண்டு_மிளகாய் எழுதியது:

சரி காக்கா, கட்சி மாறிட்டேன். ஆனா வேட்டிக் கட்டு திரும்பி வர்றப்ப உதவும்.

பாம்பன்_தூக்குப்பாலம் எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம், சிரிக்காதீங்க. தண்ணி பாட்டில்ல வோட்காவை ஊத்திட்டு மூடியை ஒட்டிட்டா? இணையத்துல மவுத்வாஷ் பாட்டில், சன்ஸ்கிரீன் குழாய்னு விதவிதமா விக்கிறாங்களே. இன்னொண்ணு, நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் கப்பல் சமையல்கட்டுல வேலை பாக்குறான். அவன்கிட்டக் குடுத்தா உள்ள கொண்டாந்து தர மாட்டானா?

தொண்டி_டெக் எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில். அந்தப் பையன்கிட்ட வாயைத் திறந்து கேட்டுறாதீங்க. கப்பல் ஆளுக்குப் பயணியை விட விதி கடுமை. கப்பல் ஆளுங்களுக்கான உலக விதியில 2010ல வந்த மணிலா திருத்தத்துக்குப் பிறகு மாலுமிக்கு ரத்தத்துல 0.05 சதவீதம், ஊதுற கருவியில லிட்டருக்கு 0.25 மில்லிகிராம், அதுக்கு மேல போகக்கூடாது. நிறையக் கம்பெனியில அதை விடக் குறைவு. பயணிக்குப் பாட்டில் கடத்திக் குடுத்தது தெரிஞ்சா அடுத்த துறைமுகத்துலயே இறக்கி விட்டுருவாங்க, டிக்கெட் காசு அவன் தலையில. அவன் கட்டுன ஏஜெண்ட் காசு, வாங்குன மெடிக்கல், எல்லாம் ஒரு பாட்டிலுக்குப் போகும். கேக்குறவங்களுக்கு அது விளையாட்டாத் தெரியும், மறுக்க முடியாம அவன் தவிப்பான்.

மவுத்வாஷ் சமாச்சாரம். அதைப் பிடிக்கிறவங்க தினம் 4000, 5000 பேரோட பையைப் பாக்குறவங்க. மூடி வளையம் உடைஞ்சிருக்கான்னு பாப்பாங்க, திறந்து மோந்து பாப்பாங்க. தண்ணி பாட்டிலைக் குலுக்கிப் பாப்பாங்க. குமிழி அடங்குற வேகம் தண்ணியில ஒரு மாதிரி, சாராயத்துல ஒரு மாதிரி. பிடிபட்டா கொட்டிருவாங்க, திருப்பித் தர மாட்டாங்க. ஏற விடாம நிறுத்தவும் ஒப்பந்தத்துல இடம் இருக்கு. ஒப்பந்தம்னா நாம படிக்காம 'சரி'ன்னு அழுத்துறோம்ல, அதுதான்.

ஒயினை மட்டும் விட்டுட்டு மத்ததை ஏன் தடுக்குறாங்கன்னா, பார் வருமானம்தான் முதல் காரணம். டிக்கெட்டை மலிவா வித்துட்டு உள்ள வச்சு எடுக்கிற பணத்துல அதுக்குப் பெரிய பங்கு. அடுத்தது, யாருக்கு எம்புட்டு ஊத்தினோம்னு பார்காரனுக்குக் கணக்கு இருக்கும். கேபினுக்குள்ள ஒருத்தன் ஒரு முழு ரம் பாட்டிலைக் காலி பண்ணிட்டு டெக் கம்பியில சாய்ஞ்சா யாருக்கும் தெரியாது.

பாம்பன்_தூக்குப்பாலம் எழுதியது:

கேக்கல அண்ணே, விட்டுட்டேன். நம்ம பாம்பன் வழியா அந்தக் கப்பல் வந்தா பாலத்தைத் தூக்கி விடுறப்ப கயிறு கட்டியாவது ஏத்திருக்கலாம்.

மண்டபம்_கேம்ப் எழுதியது:

2025 ஏப்ரல் 6ல திறந்த புதுப் பாலத்துல தூக்குற பகுதி 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் மேல போகும். அந்த மாதிரிக் கப்பல் அதுக்குள்ள நுழையாது. பாலத்தை விடு, அடியில தண்ணி வேணும்ல. அந்தச் சைஸ் கப்பல் 8 மீட்டருக்கு மேல தண்ணிக்குள்ள இருக்கும். நம்ம வாய்க்கால்ல விசைப்படகே ஏத்தம் பாத்துத்தான் போகுது. அந்தப் பக்கம் தனுஷ்கோடிக்கு அப்புறம் மணல்திட்டு. எல்லாக் கப்பலும் இலங்கையைச் சுத்தித்தான். இழைக்கு வருவோம்.

சாயல்குடி_பனங்காடு எழுதியது:

அத்தையோட பதநீருக்கு யாரும் பதில் சொல்லலையே.

கொண்டுபோக முடியாது. ஏன்னு சொல்றேன், அப்பத்தான் அத்தைக்கு மனசு ஆறும்.

பனைப் பாளையில வடியுற சாறுல நூத்துக்குப் பத்துப் பன்னண்டு பங்கு சர்க்கரை. அதைத் தின்னக் காத்துலயே ஈஸ்ட் இருக்கு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறது அந்த ஈஸ்ட்டை அடக்குறதுக்குத்தான். சுண்ணாம்பு இல்லாட்டி விடியுறதுக்குள்ள அது கள். சுண்ணாம்பு போட்டதும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும். விடியக்காலை இறக்குனது வெயில் ஏறுறதுக்குள்ள குடிக்கணும். பத்து மணிக்கு மேல நாக்குல ஒரு சுருக் வரும். அதுக்கப்புறம் மூடி இறுக்கின பாட்டில்ல வச்சா முதல்ல பாட்டிலோட அடி வெளிய தள்ளும், நேரா நிக்காம ஆடும். பிளாஸ்டிக் கல்லு மாதிரி விறைக்கும். மூடியைக் கால் திருகு திருகுனா 'உஸ்'ஸுன்னு நுரை முகத்துல அடிக்கும். இது வீட்டுத் திண்ணையில. விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையை விடக் குறைவு, அதனால பாட்டில் இன்னும் உப்பும். பெட்டிக்குள்ள வெடிச்சா புளிச்ச வாடை துணியை விட்டுப் போக நாலு துவைப்பு ஆகும்.

புளிச்சுட்டா அது சட்டத்துக்கும் கள்தான். தமிழ்நாட்டுல 1987லேருந்து கள்ளுக்குத் தடை. பெட்டியில வச்சுக்கிட்டு "பதநீருங்க"ன்னு சொன்னா மூக்கு நம்பாது.

கப்பல் வாசல்ல அதை விட மோசம். கடைச் சீல் இல்லாத எந்தத் திரவமும் உள்ள போகாது.

அத்தைக்கு வழி: கம்பெனி பாக்கெட்டுல அடைச்ச பனங்கற்கண்டு, சுக்குப் பொடி. கப்பல்ல பஃபே பகுதியில சுடுதண்ணி எந்நேரமும் கிடைக்கும். ஒரு டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் கற்கண்டு, ஒரு சிட்டிகை சுக்கு. கருப்பட்டியை ஓலைப் பெட்டியோட கொண்டுபோனா நிறுத்துவாங்க. ஒட்டுன பாக்கெட், மேல பேரு, தேதி இருந்தாக் கேள்வி வராது. வீட்டுல செஞ்ச புளியோதரை, கருவாட்டுத் தொக்கு எல்லாமே அதே வாசல்ல நிக்கும்.

கீழக்கரை_காக்கா எழுதியது:

குடிக்காதவங்களுக்கு ஒரு பங்கு இருக்கு, அதையும் சொல்லிருவோம். ராயல் கரீபியன்ல ஒரு கேபினுக்கு மது இல்லாத பானம் 12 வரைக்கும் கொண்டுபோகலாம், கேன், பாட்டில், அட்டைக்குடுவை எதுவானாலும். ஒவ்வொண்ணும் அரை லிட்டர் சைஸுக்குள்ள. இதுவும் ஏறுற அன்னைக்கு, கைப்பையில. கார்னிவல்ங்கிற இன்னொரு கப்பல் கம்பெனியில ஆளுக்கு 355 மில்லி கேன் 12 வரை; பாட்டில்ல அடைச்ச தண்ணி அங்க ஆகாது.

அதனால அத்தைக்கு இளநீர் அட்டைக்குடுவை, மாம்பழச் சாறு கேன் தாராளமா. நன்னாரி சர்பத்து மட்டும் கவனம். வீட்டுல காய்ச்சி பழைய பாட்டில்ல ஊத்தினதைப் பாத்தா நிறத்துல ரம்மேதான். நம்ம ஊர் கோலி சோடாவும் வேணாம், கோலிக்குண்டு அடைப்பைச் சீல்னு அங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

தங்கச்சிமடம்_கெபி எழுதியது:

கிறிஸ்துமஸுக்கு வீட்டுல போடுற திராட்சை ஒயின் பத்தி யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிர்றேன். உள்ள போகாது. கார்க் அடிச்சு மெழுகு ஊத்தினாலும் போகாது. கம்பெனிப் பேரு, அளவு, சாராய சதவீதம் அச்சடிச்ச சீட்டு, மூடி மேல உடையாத உறை, இது மூணும் இருந்தாத்தான் அவங்க கண்ணுக்கு அது ஒயின். இங்கேயும் அது மதுவிலக்குச் சட்டத்துல வர்ற சமாச்சாரம், ஊர் விட்டு ஊர் தூக்கிட்டுப் போறது நல்லதில்ல.

தேவிபட்டினம்_கடலோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சாங்கியில இறங்கினதும் வாங்குறதுன்னு முடிவு. உள்ள கொண்டுபோன பிறகு என்ன? சாப்பாட்டு மேசையில வச்சுக் குடிக்கலாமா? கார்க்கேஜ்னு ஒரு காசு கேப்பாங்களாமே?

தொண்டி_டெக் எழுதியது:

கேபின்ல, பால்கனியில குடிச்சா காசு இல்ல. சாப்பாட்டுக் கூடத்துக்கோ வேற பொது இடத்துக்கோ கொண்டுபோய்த் திறந்தா பாட்டிலுக்கு 15 அமெரிக்க டாலர் கார்க்கேஜ். கேபின் கணக்குல ஏறும்.

15 டாலர் குடுத்தும் லாபமான்னு பாக்கணும்னா, 750 மில்லியில 150 மில்லி வீதம் அஞ்சு கிளாஸ். கப்பல் பார்ல கிளாஸ் 13 டாலர்னு வச்சுக்கிட்டா அஞ்சுக்கு 65. அதுக்கு மேல 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாவே ஏறும், 11.70. ஆக 76 டாலர் 70 காசு. உங்க பாட்டில் வாங்குன விலையோட 15ஐக் கூட்டிப் பாருங்க. வாங்குன விலை 60 டாலரைத் தாண்டாத வரைக்கும் சொந்தப் பாட்டில்தான் மலிவு. குடிக்கிறதுக்கு மொத்தமா முன்னாடியே காசு கட்டுற பானப் பேக்கேஜ் வாங்கியிருந்தா கணக்கே மாறும். அப்ப எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?

மேசையில செய்யுற முறை: பாட்டிலை நீங்களே திறக்காதீங்க. உக்காந்ததும் பரிமாறுறவர்கிட்டக் குடுத்துருங்க. அவர் திறந்து, வெள்ளைன்னா ஐஸ் வாளியில வைப்பார். மிச்சம் இருந்தா கேபின் எண் எழுதின சீட்டு மாட்டி அவங்ககிட்டயே வச்சு மறுநாள் ராத்திரி கொண்டாந்து தருவாங்க. சிவப்பு ஒயின் ஒரு நாள் தாங்கும், ரெண்டாவது நாள் புளிப்பு தட்டும். 4 இரவுக்கு ஒரு தம்பதிக்கு ஒரு பாட்டில் மேசைக்கு, ஒண்ணு பால்கனிக்குன்னு பிரிச்சா சரியா இருக்கும்.

திருகாணி: விமானத்துல கைப்பையில கார்க் திருகாணியை விட மாட்டாங்க, பெரிய பெட்டியில போடணும். இல்லாட்டி கேபின் கவனிக்கிறவர்கிட்டச் சொன்னாத் திறந்து குடுத்துருவார். கார்க்கைக் கரண்டிக் காம்பால உள்ள தள்ளுற வேலையெல்லாம் வேணாம். உள்ள அழுத்தம் ஏறி ஒயின் பீச்சியடிக்கும், படுக்கை விரிப்பு நாசமானா அதுக்கும் பில் வரும். திருகு மூடி வாங்குனா இந்தத் தலைவலியே இல்ல.

முண்டு_மிளகாய் எழுதியது:

கடல் கொந்தளிக்கிற கச்சான் காத்து மாசத்துல போறதா இருந்தா திறந்த பாட்டிலை மேசை மேல நிறுத்தி வைக்காதீங்க. குளியலறைத் தொட்டியில, இல்லாட்டி ரெண்டு தலையணைக்கு நடுவுல. திறக்காத பாட்டிலைக் கேபின் குட்டி ஃப்ரிட்ஜுல படுக்க வச்சுருங்க. அந்த ஃப்ரிட்ஜ் பெருசாக் குளிர்விக்காது, வெள்ளை ஒயினுக்கு ஒரு வாளி ஐஸ் கேட்டு வாங்கிக்கிருங்க.

மண்டபம்_கேம்ப் எழுதியது:

அமெரிக்காவுல இருக்கிற பிள்ளைங்க கூட்டிட்டுப் போற கப்பல் வேற கம்பெனியா இருக்கலாம், அதனால தேடி வர்றவங்களுக்கு இது. கார்னிவல்ல 21 வயசானவங்களுக்கு ஆளுக்கு ஒரு 750 மில்லி, ஏறுற அன்னைக்குக் கைப்பையில. நார்வீஜியன்ல இத்தனை பாட்டில்தான்னு கட்டுப்பாடு இல்ல, ஆனா 750 மில்லிக்கு 15 டாலர், 1.5 லிட்டருக்கு 30 டாலர், ஏறுறப்பவே வாங்கிருவாங்க. கேபின்லயே குடிச்சாலும் அந்தக் காசு உண்டு. டிஸ்னியில ஆளுக்கு 750 மில்லி ஒயின் ரெண்டு, இல்லாட்டி பீர் ஆறு. ஒவ்வொரு துறைமுகத்துலயும் அதே அளவு திரும்பக் கொண்டுவரலாம். வைக்கிங் நதிக் கப்பல்ல கெடுபிடியே இல்ல, மேசைக்குக் கொண்டுவந்தாலும் காசு கேக்க மாட்டாங்க.

கோடையில சென்னையிலேருந்து கிளம்புற கார்டீலியா கப்பல்ல வெளிச் சரக்கு கிடையாது, ஒயின் உட்பட. "நம்ம சென்னைதானே"ன்னு தூக்கிட்டுப் போயிறாதீங்க.

கம்பெனிகள் இதை அடிக்கடி மாத்துறாங்க. டிக்கெட் போட்டதும் வர்ற மின்னஞ்சல்ல விதிப் பக்கத்துக்குச் சுட்டி இருக்கும், கிளம்புற வாரம் ஒரு தடவை திறந்து பாத்துக்கிருங்க.

கீழக்கரை_காக்கா எழுதியது:

திரும்பி வர்ற வழியில ரெண்டு பொறி இருக்கு.

ஒண்ணு, புக்கெட்டுலயோ பினாங்குலயோ பாட்டில் வாங்குனா கப்பல் ஏறுறப்ப வாங்கி வச்சுக்கிட்டு ரசீது தருவாங்க. கடைசி ராத்திரியோ இறங்குற காலையோதான் கைக்கு வரும். கப்பல் கடையில வாங்குன வரியில்லாச் சரக்குக்கும் இதேதான். வழியில குடிக்கலாம்னு வாங்காதீங்க. ரசீதைத் தொலைச்சுறாதீங்க.

ரெண்டாவது, உங்க கப்பல் கடைசியாத் தொடுறது பினாங்கு. அது மலேசியா. அங்கேருந்து சிங்கப்பூர்ல இறங்குறவங்களுக்கு அந்த 2 லிட்டர் சலுகை கிடையாது. கையில இருக்கிற ஒவ்வொரு பாட்டிலையும் சிவப்பு வழியில போய்ச் சொல்லி வரி கட்டணும். போறப்ப சாங்கியில சும்மா வந்த அதே பாட்டில், குடிக்காம மிச்சம் வச்சு இறக்குனா வரிக்குள்ள வந்துரும். அதனால கொண்டுபோனதைக் கப்பல்லயே முடிச்சுருங்க.

ஊருக்கு வாங்கிட்டு வரணும்னா சாங்கியில விமானம் ஏறுற இடத்துக் கடையில வாங்கி, சீல் போட்ட பையைப் பிரிக்காம மதுரைக்குக் கொண்டுவாங்க. நம்ம சுங்கத்துல ஆளுக்கு 2 லிட்டர். ஒருத்தர் அளவை இன்னொருத்தர் கணக்குல சேர்க்க முடியாது.

தேவிபட்டினம்_கடலோரம் எழுதியது:

புரிஞ்சது காக்கா. சாங்கியில இறங்கினதும் திருகு மூடி ஒயின் அஞ்சு. கப்பல் ஏறுறப்ப ஆளுக்கு ஒண்ணா அவங்கவங்க கைப்பையில. ரெண்டு மேசைக்கு, மூணு பால்கனிக்கு. அத்தைக்குப் பனங்கற்கண்டு, இளநீர். சரிதானே?

தொண்டி_டெக் எழுதியது:

சரிதான். ஒண்ணு மட்டும்: ஊருக்குள்ள தங்குற அன்னைக்கு ராத்திரி இன்னும் ஒரு பாட்டில் வேணும்னு தோணுனா 10.30க்குள்ள. சிங்கப்பூர்ல அதுக்கு மேல காலை 7 வரைக்கும் எந்தக் கடையிலயும் விக்க மாட்டாங்க, வெளியில பொது இடத்துல உக்காந்து குடிக்கவும் கூடாது. கப்பலுக்குன்னு எடுத்து வச்ச அஞ்சுல கை வச்சுறாதீங்க, சீல் உடைஞ்சதை மறுநாள் வாசல்லயே நிறுத்திருவாங்க.

சாயல்குடி_பனங்காடு எழுதியது:

கற்கண்டு பாக்கெட்டையும் பிரிச்சு டப்பாவுல கொட்டிறாதீங்கன்னு அத்தைகிட்டச் சொல்லுங்க.